காரிலேயே உள்ள கேமராக்களை டேஷ்கேமாக (ஓட்டும்போது சாலையைப் பதிவு செய்யும் கேமராவாக) பயன்படுத்தலாமா?

கேமரா இருந்தால் மட்டும் போதாது, காட்சியைச் சேமிக்கும் வசதியும் காரில் இருக்க வேண்டும். பல கார்களின் ரிவர்ஸ் கேமரா, 360 டிகிரி கேமரா எல்லாம் திரையில் காட்டுவதோடு சரி.

டெஸ்லாவில் முடியும். 2018-இல் முன்பக்கக் கேமராவோடு தொடங்கிய இந்த வசதியில் இப்போது பின்பக்கமும் பக்கவாட்டும் பதிவாகின்றன. யூஎஸ்பி டிரைவ் செருகியிருக்க வேண்டும். பழைய காட்சிகள் தானாக அழிந்துகொண்டே இருக்கும் என்பதால், விபத்து நடந்தவுடன் திரையிலுள்ள கேமரா ஐகானைத் தொடுங்கள். கடைசி 10 நிமிடம் தனியாகச் சேமிக்கப்படும். பதற்றத்தில் இது மறந்துபோகும். அதனால் ஹாரன் அடித்தாலே சேமிக்கும்படி செட்டிங்ஸில் இன்றே மாற்றிவிடுங்கள்.

அப்புறம், நிறுத்திய காரைக் கண்காணிக்கும் சென்ட்ரி மோடு பேட்டரியை நன்றாகவே குடிக்கும். வீட்டில் நிறுத்தும்போது அணைத்துவையுங்கள்.