பள்ளிக்கும் ரியூசனுக்கும் நடுவில்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பள்ளி ஒன்றரைக்கு விட்டதும் நேரே ரியூசன், வீடு வர ஆறு மணியாகும். நடுவில் தினமும் கடையில் ரோல்ஸும் சோடாவும். காசு கொடுப்பது என் மாமா. "வளருற பிள்ளை, தின்னட்டும்" என்கிறார். இரவுச் சாப்பாட்டைத் தொடுகிறானில்லை, உடம்பும் வைத்துவிட்டது. கடைச்சாப்பாட்டை ஒரேயடியாக நிறுத்திவிடட்டுமா?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: அன்புத் தங்கச்சி, நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் ஒளித்துச் சாப்பிடுவான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறைத்தது அந்த நேரக்கணக்குத்தான். பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடே இல்லையே! பசி வயிற்றைக் கிள்ளும்போது சந்திக் கடையில் இருப்பதைத்தான் எவனும் வாங்குவான். தின்னுற ஆசை கூடிப்போச்சு என்று பிள்ளைகளை ஏசுகிறோம். இப்படி ரியூசன் நேரம் போட்டதும் அதற்குத் தலையாட்டியதும் பெரியவர்கள் நாங்கள்தான்.

முதலில் சோடாவைக் குறையுங்கள். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி என்றால், 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம், ஏறக்குறைய எட்டுத் தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் பெரியவர்களுக்கே நல்லது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். இலங்கையில் 2016 இல் போத்தல்களுக்குச் சீனி அளவைக் காட்டும் நிற அடையாளம் வந்தபோது, 100 மில்லிலீற்றருக்கு 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், அதற்கு மேல்தான் சிவப்பு என்று வைத்தார்கள். ஆகவே சிவப்பில்லை என்று நிம்மதிப்படாமல், பக்கத்தில் அச்சடித்த எண்ணை அவனையே வாசித்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு நம் புத்திமதியை விடத் தான் போட்ட கணக்கு ஏறும்.

அப்புறம் சாப்பாடு. புட்டும் கறியும் கட்டிக் கொடுத்தால் இந்த வெக்கைக்கு மத்தியானம் புளித்துவிடும். கடலையை இரவே ஊறப்போட்டு, காலையில் அவித்து, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயத்தோடு தாளித்து, ஈரம் வற்றும் வரை பிரட்டி, ஆறவிட்டுப் பெட்டியில் போடுங்கள். கூட இரண்டு வாழைப்பழம், ஒரு போத்தல் தண்ணீர். இன்னொரு நாள் புழுக்கொடியலும் தேங்காய்ச்சொட்டும். பெட்டி பெரிதாக இருக்கட்டும். தனியே திறக்க வெட்கப்படுவான், நண்பர்களும் கை போட்டால் வெட்கம் போய்விடும்.

மாமாவோடு சண்டை வேண்டாம். அவருக்கு அது பாசம். "மாமா, திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் அவனுக்குப் பழம் வாங்கி வாருங்கோ" என்று கேளுங்கள். உடம்பு வைத்ததைச் சொல்லி யாரும் அவனைக் கேலி செய்ய விடாதீர்கள். கவலையாக இருந்தால் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

அந்த ரியூசனுக்கு வரும் மற்றத் தாய்மாரோடும் கதையுங்கள். நாலு பேர் சேர்ந்து போய், சாப்பிட அரைமணி நேரம் விட்டுத் தொடங்கச் சொன்னால் ஆசிரியர் மறுப்பது கடினம்.

சனிக்கிழமை நண்பர்களோடு ரோல்ஸ் சாப்பிடட்டும். அதற்கு முகத்தைச் சுளிக்காதீர்கள்.