பேர் ஒன்றுதான், நேரம் ஒன்றா? கோல்டினின் ஆய்வும் மலையகமும்: கேள்வி பதில்

2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற அமெரிக்கப் பேராசிரியை கிளாடியா கோல்டினைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப்புறங்களில் இருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. தலைப்பில் உள்ள ‘பேர்’ என்பது தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான சம்பளம்.

தலவாக்கலை, உயர்தர மாணவி: டீச்சர், அவர் அப்படி என்ன கண்டுபிடித்தார்?

மகள், அவர் இருநூறு ஆண்டுக் கணக்கேடுகளைத் தோண்டி எடுத்தார். அமெரிக்காவின் பழைய குடிசன மதிப்பீடுகளில், மணமான பெண்ணின் தொழில் என்ற இடத்தில் ‘மனைவி’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் கணவனோடு பண்ணையிலும் கடையிலும் பாடுபட்டது ஏட்டில் ஏறவில்லை. கோல்டின் அதைத் திருத்திக் கணக்கிட்டபோது, 1890களின் இறுதியில் வேலைசெய்த மணமான பெண்களின் விகிதம் பதிவில் இருந்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக வந்தது. விவசாயக் காலத்தில் உயர்ந்திருந்த, வேலையில் பெண்களின் பங்கு, தொழிற்சாலைகள் வந்தபோது இறங்கி, 20ஆம் நூற்றாண்டில் அலுவலக வேலைகள் பெருகியபோது மீண்டும் ஏறியது.

பண்டாரவளை, ஆசிரியர்: அந்த இறக்கமும் ஏற்றமும் எங்கள் பெண்களுக்குப் பொருந்துமா?

பொருந்தாது. அங்கே தொழிற்சாலை வீட்டையும் வேலையையும் பிரித்தது. மணமானவள் வீட்டோடு நின்றாள். இங்கே தோட்டம் குடும்பத்தையே வேலைக்கு எடுத்தது. லயன் என்ற வரிசை வீடுகளும், மலை என்று நாங்கள் சொல்லும் தேயிலைக் காடும் பக்கத்திலேயே இருந்தன, குழந்தையை விட்டுப்போகப் பிள்ளைக் காம்பரா இருந்தது. எங்கள் பாட்டிமாரின் பெயர் ஆரம்பம் முதலே செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில், உண்டு. இன்று இலங்கைப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார். தோட்டப்புறத்தில் அந்தப் பங்கு அதைவிட அதிகம். பெண் வேலைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களை நான் தோட்டத்துக்குத்தான் அழைப்பேன்.

மஸ்கெலியா, தோட்டத் தொழிலாளி: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பேர்தானே போடுகிறார்கள்? பிறகு என்ன ஏற்றத்தாழ்வு?

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 1984இல்தான் தோட்டத்தில் சமசம்பளம் வந்தது. அதுவரை அதே வெயிலில் நின்ற பெண்ணுக்குக் குறைவாகவே கொடுத்தார்கள். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது அது இருவருக்கும் ஆனது. சம்பளத் துண்டில் வேறுபாடு இல்லை என்பது உண்மை.

கடிகாரத்தைப் பாருங்கள். கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியைத் தறிக்கும் ஆண், தன் கணக்கை முடித்தால் பல தோட்டங்களில் மதியத்தோடு இறங்கிவிடலாம். கொழுந்தெடுக்கிறவள் மாலை நிறுவை முடியும்வரை மலையில் நிற்க வேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர். விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, தண்ணீர் பிடித்து, பிள்ளையைக் காம்பராவில் விட்டுவிட்டு அல்லவா அவள் மலை ஏறினாள்? இறங்கி வந்தபின் விறகும் அடுப்பும் காத்திருக்கின்றன. கூடை சுமக்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களை மேற்பார்க்கும் கங்காணி பெரும்பாலும் ஆண். என் அம்மா நாள்தவறாமல் மலைக்குப் போனவர். சம்பளத்தை வாங்கி வந்தவர் அப்பா.

கோல்டினும் நேரத்தைத்தான் பிடித்தார். அவரும் இரு சக ஆய்வாளர்களும் சிக்காகோவில் வணிக முகாமைத்துவம் படித்து வெளியேறியவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் ஆண், பெண் வருமானம் ஏறக்குறைய ஒன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரிய இடைவெளி. குழந்தை பிறந்தபின் பெண்களின் வேலைநேரம் குறைந்ததும் வேலையில் இடைவெளி விழுந்ததும் முக்கிய காரணங்கள். இரவென்றும் விடுமுறை என்றும் பாராமல் ஓடிவருகிறவருக்கு அந்தத் தொழில்கள் அள்ளிக் கொடுக்கின்றன. வீட்டில் இருவரும் அப்படி ஓட முடியாது, ஒருவர் பிள்ளைக்காக நிற்க வேண்டும். நிற்பவர் பெரும்பாலும் தாய். அங்கே அந்த நேரத்துக்குச் சம்பளத்தில் வெட்டு. இங்கே பேர் சமம் என்பதால் வெட்டு அவள் தூக்கத்தில் விழுகிறது.

ஹட்டன், ஒரு தாய்: பெண்பிள்ளையைப் படிக்கவைத்தால் போதாதா?

கட்டாயம் படிக்கவையுங்கள். ஆனால் அந்தச் சிக்காகோ பெண்களும் படித்தவர்களே. வேலை எப்படி அமைந்திருக்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் மருந்தாளர்களைக் கோல்டினும் பொருளியலாளர் லோரன்ஸ் காட்ஸும் ஆராய்ந்தார்கள். நோயாளியின் விவரம் கணினியில் இருப்பதால் ஒருவர் விட்டதை இன்னொருவர் தொடரலாம். குறைந்த நேரம் வேலைசெய்தாலும் மணிக்கான ஊதியம் பெரிதாகச் சரிவதில்லை. அதனால் அங்கே ஆண், பெண் இடைவெளி சிறியது.

இராகலை: வெளிநாடு போகும் தாய்மாருக்கு மட்டும் ஏன் அத்தனை விதிகள்?

2013இல் அரசு கொண்டுவந்த, வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்ணிடம் கேட்ட குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதைத் தடுத்தது. 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளையின் நலம் எனக்கும் பெரிதுதான். ஆனால் தகப்பனிடம் அப்படி ஓர் அறிக்கையை யாரும் கேட்கவில்லையே! பிள்ளை வளர்ப்பது தாயின் கடமை மட்டுமே என்று அரசே எழுதிவைத்தது போல் அல்லவா இருக்கிறது?

மீண்டும் தலவாக்கலை மாணவி: இதைப் பற்றி நானே ஏதாவது ஆய்வு செய்யலாமா?

ஒரு கொப்பி போதும், மகள். ஒரு வாரம், விழித்தது முதல் படுக்கும்வரை அம்மா என்ன செய்தார், அப்பா என்ன செய்தார் என்று அரை மணிக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். நாங்கள் ‘சும்மா இருந்தார்’ என்று சொல்லும் நேரத்தில் அம்மாவின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே கூட்டிப் பார்ப்போம்.