மின்விசிறி ஓடியும் இரவில் வீடு புழுங்குகிறதே, நன்றாகத் தூங்க என்ன செய்யலாம்?

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை வேகமாக ஆவியாக்கி நம் உடம்பைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடினால் மோட்டாரின் சூடுதான் மிச்சம். ஆகவே முதல் வேலை, பகலில் சூட்டை உள்ளே விடாமல் இருப்பது. வெயில் ஏறும் முன்பே அது படும் பக்கத்து ஜன்னல்களை மூடித் திரை போடுங்கள். கண்ணாடிக்கு வெளியே நிழல் இருந்தால் இன்னும் நல்லது.

சரி, இருட்டிய பிறகும் ஏன் கொதிக்கிறது? பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட்டும் செங்கல்லும் இரவில் அதை மெதுவாக அறைக்குள் விடுகின்றன. வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் மேசை விசிறியை வெளியே பார்த்து வையுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் அது சூடான காற்றை வெளியே தள்ள, மறுபக்கத்திலிருந்து குளிர்காற்று தானாக உள்ளே வரும்.

ஈரத்துணி தொங்கவிடுவது வறண்ட காற்றில் மட்டுமே பலிக்கும். புழுக்கத்தில் அது வியர்வையைக் காயவிடாது.

தூக்கம் வர உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளித்தால் தோலில் ரத்த ஓட்டம் கூடி உள்சூடு வெளியேறும். ஐஸ் தண்ணீர் சுகம்தான், ஆனால் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். அப்புறம், நுரை மெத்தை சூட்டைப் பிடித்து வைக்கும். தரையில் பருத்தி விரிப்பில் படுத்துப் பாருங்கள்.

அறையே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விசிறியை நம்ப வேண்டாம், அது அனல்காற்றைத்தான் நம் மேல் வீசும். முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் குளிர்ச்சியான வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.