ஸ்டிக்கர் இல்லாவிட்டால் எழுத மாட்டோம் என்கிறார்களா உங்கள் வகுப்புப் பிள்ளைகள்?

ஸ்டிக்கரை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முன்கூட்டியே அறிவிப்பதை மட்டும் நிறுத்துங்கள். 'முடித்தால் நட்சத்திர ஸ்டிக்கர்' என்று தினமும் சொன்னதால்தான் உங்கள் மூன்றாம் வகுப்பு 'இன்னைக்கு உண்டா?' என்று பேரம் பேசுகிறது என நினைக்கிறேன்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் இதே கதைதான். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளிடம் பரிசு உண்டு என்று சொல்லி வரையவைத்தார்கள்; பிறகு அவர்கள் தாமாக வரைவது குறைந்துபோனது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

ஒரு வாரம் இப்படிப் பாருங்கள்:

1. வேலை முடிந்தபின், எதிர்பாராத நேரத்தில், குறிப்பாக ஒன்றைச் சொல்லிக் கொண்டாடுங்கள். 'கடன் வாங்கிக் கழிப்பதில் நேற்று தடுமாறினாய். இன்று தப்பை நீயே கண்டுபிடித்து அழித்திருக்கிறாய்.' வகுப்பே ஒருமுறை கைதட்டட்டும். வெறும் 'வெரி குட்' எல்லா நோட்டிலும்தான் இருக்கிறது.

2. ஸ்டிக்கர் கேட்காமல் எத்தனை பேர் நோட்டைத் திறக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

முதல் சில நாள் முணுமுணுப்பு இருக்கலாம். வாய்ப்பாடு மாதிரி யாருக்கும் பிடிக்காத வேலைக்கு ஸ்டிக்கர் சரிதான். கெடுப்பதற்கு அங்கே ஆசையே இல்லையே! அப்புறம், கூச்சமுள்ள பிள்ளையைக் கைதட்டலுக்கு நடுவே நிறுத்தாதீர்கள். நோட்டு ஓரத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.