நாங்கள் சிலர் பராமரிக்கும் திறமூலத் திட்டத்தை கிட்ஹப்பிலிருந்து, அதே போன்ற இன்னொரு நிரல் சேமிப்புத் தளமான கோட்பெர்க்குக்கு மாற்ற நினைக்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நிரலைப் பற்றிக் கவலையே வேண்டாம். மிரர் குளோன் (முழு நகல்) எடுத்துப் புது இடத்துக்கு புஷ் செய்தால் பிராஞ்சுகள், டேகுகள், முழு வரலாறு எல்லாம் போய்விடும். எல்எஃப்எஸ்ஸில் (பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் வசதி) பெரிய கோப்புகள் இருந்தால் அவற்றை மட்டும் தனியாக இறக்கி ஏற்ற வேண்டும். ஒரு சாயங்கால வேலை. நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியது இஷ்யூக்களை, அதாவது பிழைப் புகார்களையும் அவற்றின் கீழே நடந்த விவாதங்களையும், என்ன செய்வது என்றுதான்.

ஏனென்றால் கமிட் செய்தியில் (ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதும் குறிப்பு) "#812 சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் இருக்கும். ஏன் அப்படி எழுதினார்கள், வேறு என்ன வழிகளை யோசித்துத் தள்ளினார்கள் என்பதெல்லாம் 812-ஆம் இஷ்யூவின் உரையாடலில் கிடக்கும். கிட் குளோனில் அது வராது. எண் மாறினால் அந்தக் கமிட் ஊமையாகிவிடும்.

பெரிய திட்டங்கள் இதை வெவ்வேறு விதமாகச் சமாளித்திருக்கின்றன. பைத்தான் மொழியின் முதன்மை வடிவமான சிபைத்தான் 2017 பிப்ரவரியில், கிட்டைப் போன்ற இன்னொரு கருவியான மெர்க்கூரியலை விட்டு கிட்ஹப்புக்கு வந்தது. ஆனால் இஷ்யூக்கள் 2022 ஏப்ரல் வரை அவர்களுடைய பழைய டிராக்கரிலேயே இருந்தன. பிறகு எல்லாவற்றையும் கொண்டுவந்தபோது புது எண்கள் விழுந்தன. பழைய பக்கங்களில் புதிய இஷ்யூவுக்கு இணைப்பு போட்டு வைத்தார்கள். ஜிக் மொழிக்காரர்கள் 2025 நவம்பரில் கோட்பெர்க்குக்குப் போனபோது வேறு வழி பிடித்தார்கள். பழைய இஷ்யூக்களை கிட்ஹப்பிலேயே விட்டுவிட்டு, புது இடத்தில் எண்ணை 30000-லிருந்து தொடங்கினார்கள். எண்ணைப் பார்த்ததுமே எந்த வீட்டு இஷ்யூ என்று தெரிந்துவிடும். எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்தது. ஆயிரக்கணக்கில் இஷ்யூ வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

உங்களுடையது சிறிய திட்டம் என்றால் முழுதாகவே கொண்டுபோகலாம். கோட்பெர்க் ஓடுவது ஃபோர்ஜேயோ மென்பொருளில். அதன் இறக்குமதிக் கருவி இஷ்யூ, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்), லேபிள், மைல்ஸ்டோன், ரிலீஸ், விக்கி எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். எண்களும் அப்படியே இருக்கும். (கிட்லேப் என்ற வேறு தளத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே இஷ்யூவுக்கு #, புல் ரிக்வெஸ்ட்டுக்கு அங்குள்ள பெயரான மெர்ஜ் ரிக்வெஸ்ட்டுக்கு ! என்று இரண்டு தனி வரிசை. பழைய கமிட்டில் # போட்டுக் குறித்த புல் ரிக்வெஸ்ட்டுகள் சரியாக இணையாது.) இறக்குமதிக் கருவிக்கு கிட்ஹப் டோக்கன் (அணுகல் சாவி) கொடுக்க மறக்காதீர்கள். டோக்கன் இல்லாமல் கிட்ஹப் ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்டுப் பெறும் வழி) மணிக்கு 60 கோரிக்கைகளைத்தான் அனுமதிக்கும், டோக்கன் இருந்தால் 5000. இன்னொன்று, பழைய கருத்துகளில் எழுதியவரின் பெயர் தெரியும், ஆனால் அது அவருடைய கோட்பெர்க் கணக்கோடு தானாகச் சேராது.

அடுத்த தலைவலி சிஐ, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் ஏற்பாடு. ஃபோர்ஜேயோ ஆக்‌ஷன்ஸ் பார்க்க கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போலவே இருக்கும், ஆனால் எல்லா வொர்க்ஃப்ளோவும் மாற்றாமல் ஓடும் என்று நம்பிவிட வேண்டாம். விண்டோஸ், மேக் இயந்திரங்களில் சோதிக்கிறீர்கள் என்றால் ரன்னருக்கு (சோதனைகளை ஓட்டும் இயந்திரம்) நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். நேர்மையாகச் சொன்னால், சிறு குழுக்கள் பின்வாங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கிட்ஹப்பில் சேமித்த சீக்ரெட்டுகளை (கடவுச்சொல், சாவி போன்றவை) திரும்பப் படிக்க முடியாது. எல்லாவற்றையும் புதிதாக உருவாக்குங்கள்.

கோ மொழித் திட்டம் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதில் பெரும்பாலும் கிட்ஹப் முகவரியே மாட்யூலின் (நூலகத்தின்) பெயர். இடம் மாறினால் உங்கள் நூலகத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் இம்போர்ட் வரிகளைத் திருத்த வேண்டும். எப்படியும் திருத்தத்தான் போகிறார்கள் என்றால், கோட்பெர்க் முகவரியைக் கொடுக்காமல் உங்கள் சொந்த டொமைனில் ஒரு பாதையைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் எங்கே போனாலும் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த முறை வருமா என்றால், வரும். இதே போன்ற தளங்களில் கூகுள் கோட் 2016-இல் மூடப்பட்டது, கிட்டோரியஸ் 2015-இல். பிட்பக்கெட் 2020-இல் மெர்க்கூரியல் ரெப்போக்களை நீக்கியது. அதனால் கோட்பெர்க்கிலும் இஷ்யூக்களை மாதம் ஒருமுறையாவது ஏபிஐ வழியாக ஜேசன் (JSON) கோப்பாக இறக்கி எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

மாறிய பிறகு கிட்ஹப் பக்கமிருந்து வரும் பங்களிப்பு குறையும், குறிப்பாக எழுத்துப்பிழை திருத்தி அனுப்பும் புதியவர்கள். இன்னொரு தளத்தில் கணக்குத் திறக்க எல்லோரும் மெனக்கெட மாட்டார்கள். எங்கள் சின்ன பைத்தான் நூலகத்திலும் அதுதான் நடந்தது. வழக்கமாக வேலை செய்பவர்கள் எல்லோரும் கூடவே வந்துவிட்டதால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் திட்டம் புதியவர்களை நம்பி ஓடுவது என்றால், மாறாமல் கோட்பெர்க்கில் ஒரு மிரர் மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

பழைய ரெப்போவை அழிக்க வேண்டாம். கிட்ஹப் வெளித்தளத்துக்கு ரீடைரக்ட் செய்யாது. கடைசிக் கமிட்டாக ரீட்மீயின் முதல் வரியில் புது முகவரியைப் போட்டுவிட்டு ஆர்க்கைவ் செய்யுங்கள் (படிக்க மட்டும் முடியும்படி பூட்டுங்கள்). கணக்கையும் மூடாதீர்கள். மூடினால் அதே பெயரை வேறு யாராவது எடுத்து, பழைய முகவரியில் தங்கள் நிரலை வைக்க வாய்ப்பு உண்டு.