மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து ஆய்வு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: மூலக்கூறு உயிரியலில் பிஎச்.டி. செய்ய இரண்டு பேராசிரியர்கள் இடம் தர முன்வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு கூகுள் ஸ்காலரில் 9,000 மேற்கோள்கள், ஹெச்-இண்டெக்ஸ் 41. ஸ்கோபஸில் பார்த்தால் அதே ஆளுக்கு 29தான். இன்னொருவருக்கு ஹெச்-இண்டெக்ஸ் வெறும் 14. எந்த எண்ணை நம்புவது? முதலாமவரிடமே சேர்ந்துவிடலாமா?

பதில்: 41, 29 இரண்டுமே சரியாக இருக்கலாம். மேற்கோள் என்பது ஒருவரின் கட்டுரையை மற்றொரு ஆய்வுக் கட்டுரை சான்றாகக் குறிப்பிடுவது; அதை யார் எங்கே தேடி எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஸ்கோபஸ் என்ற தரவுத்தளம், தான் தேர்ந்தெடுத்துச் சேர்த்த ஆய்விதழ்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் நூல்களையும் வைத்து எண்ணுகிறது. கூகுள் ஸ்காலரோ ஆய்வேடுகள், முன்வெளியீடுகள் (இதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் போடப்படும் கட்டுரைகள்) என்று இணையத்தில் கிடைப்பதை எல்லாம் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அங்கே எண் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும். ஒரே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகள் கலந்துவிடுவதும் உண்டு. அவருடைய ஆர்கிட் (ORCID, ஒவ்வொரு ஆய்வாளருக்குமான தனி அடையாள எண்) பக்கத்தைத் திறந்து கட்டுரைப் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள், கலப்பு இருந்தால் தெரிந்துவிடும்.

சரி, அந்த 41 என்ன சொல்கிறது? ஹெச்-இண்டெக்ஸ் 2005இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் முன்வைத்த கணக்கு. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் அதிகமுள்ளதிலிருந்து வரிசையாக வையுங்கள். 60, 25, 9, 6, 5, 3 என்று வந்தால், ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள் இருக்கிறது, ஆறாவதற்கு ஆறு இல்லை. ஆகவே இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரையின் 60 நாளைக்கு 6,000 ஆனாலும் அதே 5தான். அதோடு இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. முப்பது வருடம் லேப் நடத்தியவரையும் எட்டு வருடம் நடத்தியவரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

மொத்த மேற்கோளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆலிவர் லௌரி குழு 1951இல் புரதத்தின் அளவைக் கணிக்கும் முறை ஒன்றை வெளியிட்டது. அந்தக் கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ, 2014இல் நேச்சர் இதழ் வெளியிட்ட 'அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகள்' பட்டியலில் இல்லவே இல்லை. லேபில் தினமும் கை வைக்கும் முறையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பாடப்புத்தகத்துக்குள் போய்விட்ட உண்மைக்கு யாரும் அடிக்குறிப்பு போடுவதில்லை.

அதனால் அந்த 9,000த்தைப் பிரித்துப் பாருங்கள். பாதி ஒரே கட்டுரையிலிருந்து வருகிறதா? அதன் எழுத்தாளர் வரிசையில் இவர் எங்கே நிற்கிறார்? நம் துறையில் முதல் பெயர் சோதனையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் லேப் தலைவருடையது. நூறு பேர் சேர்ந்து எழுதிய மரபணுத் தொகுப்புக் கட்டுரையில் நாற்பத்தேழாவது பெயராக இருந்தாலும் மேற்கோள் முழுசாகக் கணக்கில் ஏறும். விமர்சனக் கட்டுரைகளையும் (ஒரு துறையில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் 'ரிவ்யூ' கட்டுரைகள்) தனியே ஒதுக்கிவையுங்கள், அவை பெரும்பாலும் அதிகம் மேற்கோள் வாங்கும்.

அப்புறம், 'இதை மேற்கோள் காட்டியவை' என்பதை அழுத்தி நாலைந்து கட்டுரைகளைத் திறந்து, இவர் பெயர் வரும் வாக்கியத்தைப் படியுங்கள். "இது குறித்துப் பல ஆய்வுகள் உள்ளன" என்று ஆறு பேரோடு ஏழாவதாக வருகிறதா, அல்லது "இவர்கள் காட்டிய பிணைப்புத் தளத்தை மாற்றிப் பார்த்தோம்" என்று அதன் மேல் அடுத்த வேலை நடந்திருக்கிறதா? இரண்டுமே ஒரு மேற்கோள்தான், ஆனால் இரண்டாவது வகை பத்து இருந்தால் அந்த ஆய்வு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மணி நேர வேலை. நாலைந்து வருட வாழ்க்கைக்காக அதைச் செய்யலாம்.

இரண்டாமவர் லேப் தொடங்கிச் சில வருடங்களே ஆகி, அவருடைய கட்டுரைகளில் மாணவர்கள் முதல் பெயராகவும் அவர் கடைசிப் பெயராகவும் தொடர்ந்து வந்தால், அந்த 14 எனக்கு நல்ல எண்ணாகவே தெரியும். முடிவெடுக்கும் முன் இரண்டு லேபிலும் மூன்றாவது, நான்காவது வருடத்தில் இருக்கும் மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். முதல் கட்டுரை வர எவ்வளவு காலம் ஆனது, யார் பெயர் முதலில் என்பது எப்போது முடிவாகிறது என்று கேளுங்கள்.