சடைதான் காரணமா?

கேள்வி: 1872 முதல் சீன அரசு அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய 120 சிறுவர்களும் சடையை வெட்டி, கிறிஸ்தவர்களாகி, பேஸ்பால் ஆடிக்கொண்டு திரிந்ததால்தான் 1881-இல் பாதிப் படிப்பில் திருப்பி அழைக்கப்பட்டார்கள் என்று ஒரு காணொளியில் கேட்டேன். சின்ன வயதில் வெளிநாடு அனுப்பினால் இதுதான் கதி என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? அவர்களில் ஒருவராவது உருப்பட்டாரா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் சடையை வெட்டவில்லை. அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு வம்சத்துக்கு அடங்கியதன் அடையாளம் சடை; அதை வெட்டுவது ராஜத்துரோகம் என்பதால், வெட்டியவனையும் மதம் மாறியவனையும் திட்டத்திலிருந்து நீக்க அதிகாரிகள் தயங்கியதும் இல்லை. தனி ஆளை நீக்க விதி இருக்கும்போது எல்லோரையும் எதற்குக் கப்பலேற்ற வேண்டும்? பேஸ்பால் ஆடியது உண்மை. சடையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஆடினார்கள்.

திட்டத்துக்கு மூளை யுங் விங். 1854-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தேறியவர். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் சீனர். ஜெங் குவோஃபான், லி ஹோங்ஜாங் என்ற இரு பெரிய அதிகாரிகள் அரசவையின் சம்மதத்தைப் பெற்றுத் தந்தார்கள். ஆண்டுக்கு 30 பேராக நான்கு ஆண்டு அனுப்புவது, ஒவ்வொருவருக்கும் 15 ஆண்டுப் படிப்பு, 20 ஆண்டுக்கு 12 லட்சம் டேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளி ஒதுக்கீடு. பணம் ஷாங்காய் சுங்க வருமானத்திலிருந்து. பிள்ளைக்கு அங்கே என்ன நேர்ந்தாலும் அரசு பொறுப்பில்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இலவசப் படிப்பென்றதும் கூட்டம் முண்டியடித்ததா? இல்லை. முதல் 30 இடங்களை ஷாங்காயில் நிரப்ப முடியாமல் யுங் விங் ஹாங்காங் பள்ளிகளில் போய்த் தேடினார். செல்வாக்குள்ள வீட்டில் பிள்ளையைப் பழம் நூல்களை மனப்பாடம் செய்யவைத்து அரசுத் தேர்வுக்குத்தான் அனுப்புவார்கள். பதவிக்கு அதுதான் வழி. ஆகவே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார வணிகர்களோடு புழங்கிய குவாங்டோங் மாகாணத்துப் பிள்ளைகள். பெய்ஜிங்கில் அவர்களுக்காகப் பேச ஆளில்லை. பிற்பாடு இது வினையாயிற்று.

அங்கே நடைமுறை என்ன? 12, 13 வயதுப் பையன்களை இரண்டிரண்டு பேராக கனெக்டிகட், மாசசூசெட்ஸ் குடும்பங்களில் தங்கவைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு வாரம், கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் இருந்த திட்டத் தலைமையகத்துக்கு வந்து சீனம் படிக்க வேண்டும். பேரரசர் இருக்கும் திசை நோக்கி விழுந்து வணங்க வேண்டும். மீதி நாளெல்லாம் அந்தக் குடும்பத்தோடு சாப்பாடு, ஜெபம், விளையாட்டு. எது மனத்தில் ஒட்டும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. பையன்கள் மாறியதைக் கண்டு அதிர்ந்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டவர்களிடம் போயிருக்க வேண்டும்.

இன்னொரு கோளாறு, ஒரே திட்டத்துக்கு இரண்டு தலை. யுங் விங்கோடு எப்போதும் பழைய மரபில் ஊறிய ஓர் அதிகாரி சமபதவியில் இருந்தார். கண்காணிப்பதும் ஊருக்கு அறிக்கை எழுதுவதும் அவர் வேலை. 1878 முதல் யுங் விங் வாஷிங்டனில் தூதரக வேலையையும் சுமந்தார். ஹார்ட்ஃபோர்டில் புகார்கள் குவிந்தன. கடைசியாக வந்த வூ ட்ஸூதெங் திட்டத்தையே இழுத்து மூடச் சொன்னார்.

புகார் மட்டும் திட்டத்தைக் கொன்றிருக்காது. லி ஹோங்ஜாங்குக்கு வேண்டியிருந்தவர்கள் கவிஞர்கள் அல்ல, தரைப்படை, கடற்படை அதிகாரிகள். சீனாவும் அமெரிக்காவும் 1868-இல் செய்த பர்லிங்கேம் ஒப்பந்தம் அமெரிக்க அரசின் கல்விக்கூடங்களைச் சீனருக்கும் திறந்துவிட்டிருந்தது. அதை நம்பி வெஸ்ட் பாயின்ட் தரைப்படைக் கல்லூரி, அன்னபோலிஸ் கடற்படைக் கல்லூரி இரண்டிலும் இடம் கேட்டார் யுங் விங். இடமில்லை என்று முகத்திலடித்தாற்போல் பதில் வந்தது. ஜப்பானியரை அன்னபோலிஸில் சேர்த்துக்கொண்டிருந்த அதே அரசுதான்! கலிஃபோர்னியாவில் சீனர் வெறுப்பு ஓட்டு வாங்கித் தந்த காலம் அது. அதோடு லிக்குத் திட்டத்தில் பிடிப்பு விட்டுப்போயிற்று. கல்லூரியில் முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களையாவது விட்டுவைக்கலாம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். மாணவர்களை அழைக்க வேண்டாம் என்று யேல் தலைவர் கடிதம் எழுதினார், முன்னாள் ஜனாதிபதி கிராண்டும் எழுதினார். பலனில்லை. 1881 ஜூனில் மொத்தமாக அழைக்க முடிவாகிவிட்டது. மறு ஆண்டே அமெரிக்கா சீனத் தொழிலாளர் வருகைக்குத் தடைச் சட்டம் போட்டது. உங்கள் காணொளியில் இந்தப் பக்கமே இல்லை போலிருக்கிறது.

வயதைப் பற்றிய உங்கள் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. அதே சீனா 1877-இல் ஃபூஜோ கப்பல் தளப் பள்ளியிலிருந்து சுமார் 30 பேரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. கப்பல் கட்டப் படித்தவர்கள் பிரான்சுக்கு, கப்பல் ஓட்டப் படித்தவர்கள் இங்கிலாந்துக்கு. எல்லோரும் வளர்ந்தவர்கள், மொழியும் கணிதமும் உள்ளூரிலேயே முடித்தவர்கள், கெடு மூன்று ஆண்டு. சடை சண்டை வரவில்லை. 1894-இல் ஜப்பானோடு நடந்த போரில் சீனாவின் இரு பெரிய போர்க்கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய லியூ புச்சானும் லின் தாய்ஜெங்கும் இந்தக் குழுவினர். இங்கிலாந்தின் கிரீனிச் கடற்படைக் கல்லூரியில் படித்த யான் ஃபூ பின்னாளில் பரிணாமக் கொள்கையை விளக்கிய ஹக்ஸ்லியின் நூலைச் சீனத்தில் தந்தார். வயது ஒரு காரணம்தான். என்ன படிக்க, எத்தனை நாள், திரும்பியதும் எந்த வேலை என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தது அதைவிடப் பெரிய காரணம்.

ஹார்ட்ஃபோர்ட் பையன்களுக்கு, திரும்பியதும் எந்த வேலை என்ற அந்த மூன்றாவது விடையே இல்லை. பட்டம் முடித்தவர்கள் இருவர்தான். திரும்பிய 94 பேரை ஷாங்காயில் காவல் போட்டு ஒரு பாழடைந்த பள்ளியில் அடைத்தார்கள். பிறகு பங்கு பிரித்தார்கள்: 21 பேர் தந்தித் துறைக்கு, 23 பேர் ஃபூஜோ தளத்துக்கும் ஷாங்காய் ஆயுதச் சாலைக்கும், மீதி 50 பேர் தியான்ஜினில் கடற்படை, டார்ப்பிடோ, மருத்துவமனை என்று. யார் என்ன படித்தார்கள் என்று பெரிதாகப் பார்க்கவில்லை. 1884-இல் பிரான்சோடு நடந்த போரில், ஃபூஜோவின் மாவெய் துறைமுகத்தில் பிரெஞ்சுக் குண்டுக்கு இவர்களில் நால்வர் பலியானார்கள்.

உருப்பட்டவரைக் கேட்டீர்கள். பட்டம் முடித்த இருவரில் ஒருவர் ஜான் தியன்யோ, யேலில் ரயில்பாதைப் பொறியியல் படித்தவர். அவரை ஃபூஜோவுக்கு அனுப்பிக் கப்பலோட்டக் கற்கச் சொன்னார்கள்! ரயில் வேலை கிடைத்தது 1888-இல். அதுவும் பழைய ஹார்ட்ஃபோர்ட் தோழர் ஒருவர் சிபாரிசில். 1905-இல் பெய்ஜிங்–ஜாங்ஜியாகோ பாதை அவர் பொறுப்பில் வந்தது. சுமார் 200 கிலோமீட்டர், வெளிநாட்டுப் பொறியாளர் இல்லாமல் போட வேண்டும். பாடாலிங் மலையில் 1,091 மீட்டர் சுரங்கம்: இரு முனையிலிருந்து மட்டும் குடைந்தால் காலம் போதாது என்று மேலிருந்து செங்குத்தாகக் குழி இறக்கி, நடுவிலிருந்தும் இரு பக்கம் குடையவைத்தார். சிங்லோங்சியாவோவில் ஏற்றம் செங்குத்து. பாதையை V வடிவில் மடக்கி, வண்டியின் இரு முனையிலும் எஞ்சின் மாட்டி, ஒன்று இழுக்க மற்றது தள்ள ஏற்றினார். 1909-இல் பாதை திறந்தது.

தாங் ஷாவோயி 1912-இல் சீனக் குடியரசின் முதல் பிரதமர். லியாங் செங் அமெரிக்காவில் தூதராக இருந்தபோது, 1900-இல் சீனாவில் வெளிநாட்டாருக்கு எதிராக நடந்த பாக்ஸர் கலவரத்துக்கான நஷ்டஈட்டில் அமெரிக்கா கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கேட்டு விடாமல் வாதாடினார். 1908-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இசைந்தது. அந்தப் பணத்தில் மறுபடி மாணவர்கள் புறப்பட்டார்கள். இம்முறை சிறுவர்கள் இல்லை. 1909-இல் 630 பேர் தேர்வெழுத, 47 பேர் தேறினார்கள்; பத்தில் எட்டுப் பேர் பொறியியல், விவசாயம், சுரங்கம் போன்றவைதான் படிக்க வேண்டும் என்று விதி. இந்த மாணவர்களைத் தயார் செய்ய எழுந்த சிங்ஹுவா பள்ளியின் ஆரம்பத் தலைவர் தாங் குவோஆன், 1881-இல் யேலிலிருந்து பாதிப் படிப்பில் இழுத்து வரப்பட்டவர்.